மாப்பிள்ளைக்கு லேசான லோடு

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே கடையில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கூலி கேட்கிறது. நீங்களும் தங்கச்சியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் இருமல் நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. ஆலையில் சரக்கு ஏற்றி, அந்த நீளப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் குடோனில் இறக்குகிற வேலை இனி மூன்று மாதத்துக்குச் சுலபமாக இருக்காது. நமக்கு இருப்பது இரண்டு லாரி, இரண்டு சரக்கு. டைல்ஸ் ஒன்று, பஞ்சு மெத்தை ஒன்று. இதுவரை யாருக்கு எது வாய்த்ததோ அதை ஏற்றினோம். இனி டைல்ஸ் முழுக்கப் பழைய லாரி ஓட்டுகிற மீசைக்கு, மெத்தை முழுக்க உங்களுக்கு. உங்கள் புது லாரிக்கு ஆள் உயரத்துக்கு மேல் கூடு கட்டச் சொன்னதும் அதற்காகத்தான். ஒரே நடையில் நூற்றிருபது மெத்தை போகும்.

மீசைக்குப் பொறுக்கவில்லை. "ஏன் முதலாளி, அவருக்குப் பஞ்சு, எனக்குக் கல்லா?" என்றான். "நீ என் தங்கச்சியக் கட்டியிருந்தா உனக்கும் பஞ்சுதான்டா" என்றேன். முணுமுணுத்தபடியே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாரம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பதினேழு வயதில் மெத்தையைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்றவன். பாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று என் கழுத்து எனக்குச் சொல்லியிருக்கிறது. வீட்டு மாப்பிள்ளை தலையில் கல்லை ஏற்ற எனக்கு மனசு வராது. லேசான சரக்கு. நிம்மதியாக ஓட்டுங்கள்.

தங்கச்சியை வெந்நீர் குடிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஜூன் 15

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கச்சிக்கு இருமல் போய், இப்போது குரல் முன்பைவிடக் கணீரென்று இருக்கிறது. கீழே குடோன் வரை கேட்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். கடை ஓடிப்போகாது.

என் மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறைக்கு எப்படி நன்றி எழுதுவதென்று தெரியவில்லை. மெத்தை லோடு மூன்று நடை முடிந்தது. ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம். பாலத்தின் மேல் மட்டும் வண்டி கொஞ்சம் ஆட்டம் காட்டுகிறது. பழகிவிடும். தோள்பட்டை இரண்டும் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். வீட்டில் தைலம் தேய்க்கிறாள்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஆலைக்குப் பின்னால் உடைந்த டைல்ஸ் குவிந்து கிடக்கிறது. நாற்பது மூட்டை நான் எடுத்துக்கொள்ளட்டுமா? ஒரு உபயோகம் இருக்கிறது. கூடாதென்றால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் தோள்பட்டைக்கு நான் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நாற்றம் தாங்காது, ஆனால் வேலை செய்யும். முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் கடன் கேட்க வருகிறவன்கூட வாசலோடு திரும்பிவிடுகிறான்.

உடைந்த டைல்ஸ் எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கக் கூடாதுதான். ஆனால் முப்பது வருஷம் வியாபாரம் செய்தவனுக்குக் கேட்காத கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தும். எங்கேயாவது மனை வாங்கிப் போட்டு, எனக்குத் தெரியாமல் வீடு கட்டுகிறீர்களா? அப்படியென்றால் திருட்டுத்தனம் எதற்கு? உடையாத டைல்ஸே தருகிறேன். குளியலறைக்கு நீலம் போடுங்கள், அழுக்குத் தெரியாது.

எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக் கிளார்க்கிடம் சொல்லிவிட்டேன். தங்கச்சிக்கு என் அன்பு.

உங்கள் மச்சான்


ஜூலை 2

அன்பு அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் மட்டும் போதாது, மூட்டை தூக்குவதையும் நிறுத்து. உன்னிடம் வேலைக்கு இத்தனை பேர் இருப்பது எதற்கு?

வீடும் இல்லை, மனையும் இல்லை. நாங்கள் இருக்கும் இரண்டு அறையில் பூந்தொட்டி வைக்கக்கூட இடமில்லை, நீலக் குளியலறைக்கு எங்கே போவது? உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த டைல்ஸ் மூட்டையை அவர் இங்கே இறக்குவதே இல்லை அண்ணா. மெத்தையை இறக்குகிறார்கள். மூட்டை வண்டியின் அடித்தட்டிலேயே வரிசையாகக் கிடக்கிறது. அப்படியே திரும்பிப் போகிறது, அப்படியே வருகிறது. "எதுக்குங்க இது?" என்றால், "கெடக்கட்டும்" என்கிறார்.

கிளம்புகிற நாளில் விடிந்ததும் ஜன்னலைத் திறந்துகொண்டு எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் யாரோ கட்டிவைத்த கந்தல் துணியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது படபடவென்று அடித்தால் சாப்பாடு இறங்குவதில்லை. போன வாரம் தட்டை என்னிடம் நீட்டும்போது கை நழுவிக் கீழே விழுந்தது. "என்னங்க?" என்றேன். "ஸ்டீயரிங் புடிச்ச கை, அப்படித்தான்" என்றார்.

நீ ஏதாவது கடிந்து எழுதினாயா? அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசமாட்டார். "உங்கண்ணன் எனக்கு நல்லதுதான் நெனைச்சாரு" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

உன் தங்கச்சி


ஜூலை 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் உடல்நலம் நல்லபடி இருக்கட்டும்.

நான் மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். இரண்டு காரியம் காதுக்கு வந்தது. இரண்டு டன் உடைசலை விற்கவும் இல்லை, இறக்கவும் இல்லை, சும்மா போகவர ஊர்வலம் விடுகிறீர்களாம். லேசாக ஓடட்டும் என்று நான் பஞ்சைக் கொடுத்தால், நீங்களாகவே கல்லைத் தேடி ஏற்றிக்கொள்கிறீர்கள். இது என்ன வேண்டுதல்? வேண்டாம் மாப்பிள்ளை. மூட்டை அத்தனையையும் ஆலையிலேயே இறக்கிவிட்டு வண்டி எடுங்கள். கிளார்க்குக்கும் எழுதிவிட்டேன்.

அடுத்தது, போன இரண்டு நடையிலும் பாலத்துக்கு முன்னால் அரை நாள் நின்றிருக்கிறீர்கள். அதே நாளில் கல் ஏற்றிய மீசை போய்ச் சேர்ந்துவிட்டான். பஞ்சு ஏற்றிய நீங்கள் நிற்கிறீர்கள். கேட்டால் ஊர் சிரிக்காதா? காற்றுக்குப் பயந்தவன் கடை திறக்க முடியாது.

அக்கரையில் புதிதாகத் திறக்கும் மாணவர் விடுதிக்கு நூற்றிருபது மெத்தை இருபதாம் தேதிக்குள் வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டேன். மீசையின் வண்டி பிரேக் வேலைக்கு இங்கே பட்டறைக்கு வருகிறது. அதனால் உங்களை விட்டால் ஆளில்லை. பதினெட்டாம் தேதி கிளம்பிவிடுங்கள்.

கோபமாக எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். என் எழுத்தே அப்படித்தான்.

உங்கள் மச்சான்


ஜூலை 14

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

சுகம். உங்கள் சொற்படி மூட்டைகளை இறக்கிவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை நூற்றிருபது மெத்தையுடன் கிளம்புகிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளை


ஜூலை 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு இன்று கை ஓடவில்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்றே வரி. ஆனால் அந்த மூன்று வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு வரியை எழுதி, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அடித்திருந்தீர்கள். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகிய கை இது. பிடித்துப் பார்த்தேன். "பாரம் இல்லாததுதான் மச்சான் பயமே" என்று தெரிந்தது. எனக்கு விளங்கவில்லை.

இன்று காலை மீசை பிரேக் வேலைக்கு வண்டியை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தான். கேட்டேன்.

"ஏண்டா, பாரம் இல்லாட்டி லாரிக்கு என்னடா பயம்?"

"என்ன முதலாளி இப்படிக் கேட்டுட்டீங்க? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்றோம், மெத்தை பறக்காதா?"

"மெத்தையத்தான் கயிறு போட்டுக் கட்டியிருக்கே."

"மெத்தைய வண்டியோட கட்டுனீங்க. வண்டிய எதோட கட்டுனீங்க? அந்தப் பாலத்துல சைடுல அடிக்கும் பாருங்க காத்து, அதுக்கு அவரு வண்டி ஒரு செவுரு முதலாளி. உசரமான செவுரு, அடியில வெயிட்டே இல்ல. எனக்குக் கல்லுப் பாரம் ஆணி அடிச்ச மாதிரி வண்டிய ரோட்டுல புடிச்சுக்கும். நான் பாட்டுப் பாடிக்கிட்டே போவேன். அவரு பின்னாடி போறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வரும். போன மாசம், உடைசல் போடறதுக்கு முன்னாடி, நானே ரெண்டு தடவ பாத்தேன், ஒரு பக்கத்துச் சக்கரம் தரையவிட்டு எழும்பி எறங்குச்சு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா, கல்லு சுமக்கிற கடுப்புல பேசறேன்னு சொல்வீங்க. அவரே உடைசல அடியில போட்டுச் சமாளிச்சாரு. நல்ல ஓட்டுநரு முதலாளி, மூளைக்காரரு."

அந்த உடைசலை இறக்கச் சொன்னது யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவில் உங்கள் கடற்கரைக்குப் புயல் என்று சொன்னார்கள். நாளை மறுநாள் வர வேண்டியது முந்திக்கொண்டதாம். தந்தி ஆபீசுக்கு ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன் மாப்பிள்ளை. ஆலைக்கும் சரி, உங்கள் வீட்டுக்கும் சரி, கம்பி அறுந்து கிடக்கிறது, போனும் போகாது என்றார்கள். மீசையை வேறு ஆள் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அவன் வந்து சேர ஒன்றரை நாள். இந்தக் கடிதம் மூன்று நாள். இரண்டுமே உதவாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

கிளம்பியிருக்காதீர்கள். கிளம்பியிருந்தால் நில்லுங்கள். எங்கேயாவது நில்லுங்கள். விடுதிக்காரன் பிள்ளைகள் தரையில் படுக்கட்டும்.

மச்சான்


ஜூலை 19

அண்ணா,

வந்துவிட்டார். கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நேற்று மதியம் இங்கே வானம் இருட்டிக்கொண்டு அடித்த காற்றில் குடோன் கதவின் கொண்டியே பிய்ந்துவிட்டது. எதிர்த் தொட்டி மேல் இருந்த கந்தல் துணியைக் காணோம். மாலை வரை வரவில்லை. இன்று காலை பாலத்துச் செக்போஸ்ட்டுக்கு நடந்தே போனேன். "பாலத்து நடுவுல ஒரு லாரி கவுந்து கெடக்குதும்மா" என்றார் அங்கிருந்தவர். "என்ன லோடு?" என்று கேட்டேன். "தெரியலம்மா, உசரமான வண்டி" என்றார். அந்த நேரத்தை உனக்கு எழுதத் தெரியவில்லை அண்ணா. எழுதவும் மாட்டேன்.

பத்து மணிக்கு மேல் அவர் லாரி வந்தது. ஊர்ந்து வந்தது. நாலு பக்கமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, குளத்தில் இருந்து கரையேறிய எருமை மாதிரி. தார்ப்பாயைக் காணவில்லை. இறங்கினார். என்னைப் பார்த்து முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மெத்தை பூராவும் போச்சு, உங்கண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

நடுச்சாலை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "மெத்தையா கேட்டேன் உங்கள?"

இப்போது தூங்குகிறார். இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டார் போலிருக்கிறது. மற்றதை அவரே எழுதுவார். எழுதாவிட்டால் நான் விடமாட்டேன். போன் கம்பி நாலு நாள் ஆகுமாம். அதுவரை நீ என்ன பாடுபடுவாயோ. லாரி ஆபீஸ் ஆள் ஒருவர் உன் பக்கம் வருகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி


ஜூலை 23

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நான் சுகம். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. மீசை அதற்கு முன்பே வந்து, என்னைக் கட்டிப்பிடித்து, பிறகு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொல்லி உங்கள் தங்கச்சி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன்.

பாலத்துக்கு வந்தபோது காற்று சுமார்தான். சாதாரணமாக நான் நின்றிருப்பேன். உங்கள் பத்தாம் தேதிக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. போய்விட்டேன். பாதிப் பாலம் தாண்டியபோது கடல் பக்கம் வெள்ளையாக ஒரு திரை வந்தது. எனக்கு முன்னால் ஒரு பெட்டி வண்டி, நாலு பக்கமும் தகரம் அடைத்தது, காலி. கண்ணெதிரே அது மெதுவாக, தூங்கி விழுகிற ஆள் மாதிரி, சாய்ந்து படுத்தது. பாலம் அடைபட்டுவிட்டது. எனக்குப் பின்னால் நீள வரிசை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

அடுத்தது என் முறை. காற்றுப் பக்கத்துச் சக்கரம் எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பியது. காற்று இன்னொரு தள்ளு தள்ளினால் போதும், முடிந்தது கதை. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை மச்சான். நாற்பது மூட்டை மட்டும்தான் நினைவுக்கு வந்தது. பாரம் வேண்டும். நடுக்கடலில் பாரத்துக்கு எங்கே போவது? மழைதான் இருந்தது. கொட்டுகிற மழை.

கதவைத் திறந்து இறங்கினேன். தார்ப்பாய்க் கயிற்றை மட்டும் கத்தியால் அறுத்தேன். மெத்தையைக் கட்டிய கயிற்றைத் தொடவில்லை. ஒரே உதறலில் தார்ப்பாய் கடலுக்குப் போய்விட்டது. மழை நேராக மெத்தை மேல் இறங்கியது. பஞ்சு குடிக்கத் தொடங்கியது.

கவிழ்ந்த வண்டிக்காரர் கண்ணாடி வழியாக வெளியே வந்து, தவழ்ந்தே என்னிடம் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். அடி ஒன்றும் இல்லை. வண்டி மறைவில் உட்காரப் போனார். "அந்தப் பக்கம் வேணாம்ணே, சாஞ்சா நம்ம மேலதான் விழும்" என்று காற்றடிக்கிற பக்கத்துக் கைப்பிடிச் சுவரோடு இழுத்து உட்கார வைத்தேன். மழை கல்லால் அடிக்கிற மாதிரி முகத்தில் அடித்தது.

"யோவ், சரக்க நனையவிட்டுட்டு உக்காந்திருக்கியே, பைத்தியமா நீ?" என்றார்.

"குடிக்கட்டும்ணே. குடிச்சாத்தான் வண்டி நிக்கும்."

கொஞ்ச நேரம் மெத்தையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "மொதலாளி கொன்னுடுவாரேய்யா."

"மொதலாளி என் மச்சான்தான்."

"அப்ப ரெண்டு தடவ கொல்லுவாரு."

அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம் மச்சான். பல் கிடுகிடுக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சக்கரத்தைப் பார்த்தோம். எழும்பிய உயரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு சாண். பிறகு நாலு விரல். பிறகு வெறும் ஆட்டம். ஒரு மணி நேரத்தில் வண்டியின் ஸ்பிரிங் நசுங்கி, கல் லோடு ஏற்றிய மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு காற்று என்ன கத்தினாலும் அசையவில்லை. காலையில் கிரேன் வந்து பெட்டி வண்டியை ஓரங்கட்டியது. அந்த அண்ணன் என் வண்டியிலேயே அக்கரை வந்தார்.

சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் முதல் நடையிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆனால் மற்றவன் கல் சுமக்கும்போது மாப்பிள்ளைக்கு என்று பஞ்சைக் கொடுத்தீர்கள். அதைப் போய் வேண்டாம் என்றால் நன்றி கெட்டவன் ஆவேன் என்று நினைத்தேன். எனக்குக் கல் கொடுங்கள் என்று கேட்க நாக்கு வரவில்லை. மூட்டையை அடியில் போட்டு, உங்களுக்கும் தெரியாமல், இவளுக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன்.

நூற்றிருபது மெத்தையும் போய்விட்டது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஜூலை 31

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். தங்கச்சி கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கடை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். "வந்துவிட்டார்" என்ற முதல் வார்த்தையோடு மடித்துப் பையில் வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மிச்சத்தை அப்புறம்தான் படித்தேன். சாயங்காலம் ஒரு கிராக்கி படுக்கை விரிப்புக்குப் பேரம் பேசினார். அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். அவருக்குச் சந்தேகம் வந்து துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மன்னிப்பு நீங்கள் கேட்கிற இடம் இல்லை இது. என் தப்பைச் சொல்கிறேன். தலையில் மெத்தை சுமந்து விற்றேன் என்று வாய் கிழியப் பெருமை பேசுகிறேனே, அந்தக் காலத்தில் ஒருநாள் காற்று அடித்து, மெத்தையோடு சேர்த்து என்னைச் சாக்கடையில் தள்ளியது. பாரத்தால் விழவில்லை. காற்றால் விழுந்தேன். கடை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் பாரம் சுமந்தது நினைவில் நின்றது, சாக்கடை மறந்துவிட்டது. பெருமைக்கு உதவுவதைத்தான் மனுஷன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். உயிரோடு இருந்து என்னைத் திட்டுகிற மாப்பிள்ளை போதும்.

இனி இப்படி. இரண்டு லாரியிலும் அடியில் டைல்ஸ் பெட்டி, மேலே மெத்தை. கூட்டின் உயரத்தைப் பாதியாக வெட்டச் சொல்லிவிட்டேன். மீசைக்கும் பாதிப் பஞ்சு கிடைக்கும், அவன் புலம்பலும் தீரும். பாலத்தின் முன்னால் போவதா நிற்பதா என்பது ஓட்டுகிறவர் முடிவு. நான் தேதி எழுதினாலும் அதைப் படித்துவிட்டு ஓரமாக வையுங்கள்.

விடுதிக்காரரிடம் நானே பேசினேன். "மெத்த எங்க?" என்றார். "குளிக்கப் போயிருக்குது" என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். "டிரைவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டார். இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்.

மெத்தைகளை மாடியிலும் மதில் மேலும் காயப்போட்டிருப்பதாகவும், தெருவில் உள்ள பூனை எல்லாம் ஆளுக்கு ஒன்று பிடித்துக்கொண்டதாகவும் தங்கச்சி எழுதியிருந்தாள். பூனைகளை விரட்ட வேண்டாம். மெத்தைப் பஞ்சை எப்படியும் மறுபடி பிரித்துக் கொட்டி அடிக்கத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு நடை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் வருகிறேன்.

உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 29

அன்புத் தங்கச்சிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். சுகம். லாரிப் படியில் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கிறது, சரியாகிவிடும். நீ நன்றாகச் சாப்பிடு. போன தடவை பார்த்ததற்கு இளைத்திருக்கிறாய்.

அங்கே இருந்தபோது உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார், கூச்சமாக இருந்தது.

நாங்கள் பாலத்துக்கு வந்த அன்று வெயில் அடித்தது. அடியில் டைல்ஸ், மேலே மெத்தை. வண்டி அம்சமாக வந்தது. மாப்பிள்ளை பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி இறங்கினார். கைப்பிடிச் சுவர் மேல் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு இருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடலைப் பார்த்தார். திரும்பி வந்து, "மச்சான், இன்னிக்கு வேணாம்" என்றார்.

அக்கரையில் எனக்காக ஒரு மொத்த வியாபாரி காத்திருந்தார். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. என் நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. "சரி மாப்பிள்ள" என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் இரண்டு லாரி எங்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது. நான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் பத்திரமாக அக்கரை சேர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, போயிருக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் துடித்த துடிப்பு! டீயை ஊற்றி அடக்கினேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவர் அந்தப் பெஞ்சிலேயே படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். வெயில் முகத்தில் விழுந்தது. நான் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து நிழல் கொடுத்தேன். வேறு வேலை எனக்கு அங்கே இல்லை.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. பாலத்தைத் தாண்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வியாபாரி வாசலிலேயே நின்றார். "என்னங்க, ஒரு நாள் முழுசாப் போச்சே, என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை, "காத்துங்க" என்றார்.

வியாபாரி என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷப் பழக்கம், முதலாளி என்ன சொல்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

"ஆமாங்க, காத்து" என்றேன்.

அதோடு பேச்சு முடிந்தது. கயிற்றை அவிழ்த்து இறக்கத் தொடங்கினோம்.

உன் அண்ணன்